இரு பரிமாணம் 1996-இல் முடிந்துவிடவில்லை

"1996-இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் முப்பரிமாண விளையாட்டான சூப்பர் மாரியோ 64 வந்ததோடு இரு பரிமாண வீடியோ கேம்களின் கதை முடிந்தது" என்கிறீர்கள். மாரியோவை வைத்தே இது தவறு என்று காட்டலாம். 2006-இல் அதே நிண்டெண்டோ அவரைப் பழைய பக்கவாட்டு ஓட்டத்துக்குத் திருப்பியது. அப்படி வந்த 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விற்பனையில் 3 கோடிப் பிரதிகளைத் தாண்டியது, மாரியோ 64 விற்றதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதில் மாரியோவின் உருவம் முப்பரிமாணம், ஓடும் தளம் மட்டுமே தட்டை. பிறகு எங்கே இந்த இரு கட்சிச் சண்டை?

பெருஞ்செலவுத் தயாரிப்புகள் முப்பரிமாணத்துக்குப் போனது உண்மைதான். ஆனால் எரிக் பரோன் தனியாளாக உருவாக்கிய இரு பரிமாண விளையாட்டான ஸ்டார்டியூ வேலி 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 2025 செப்டம்பரில், கையால் வரைந்த இரு பரிமாண விளையாட்டான ஹாலோ நைட்: சில்க்சாங் வெளியானபோது வாங்க முண்டியடித்த கூட்டத்தில் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையே திணறியது.