ராத்திரி வியாபாரிக்கு எந்த நடை?

சொந்தத் தொழில் செய்பவர்கள் விடிகாலை ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு உடல்நலக் கட்டுரை. பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் கடை வைத்திருப்பவனுக்கு இது ஒத்துவராது. புளியரை தாண்டிக் கேரளா போகும் லோடை ஏற்றிவிட்டுப் படுக்கவே நடுச்சாமம் ஆகிறது; ஓணம் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. அதைப் பிரித்துப் பிரித்தும் செய்யலாம். ஏலம் முடிந்ததும் நான் மார்க்கெட்டையே சுற்றி நடக்கிறேன் (பாக்கி வைத்தவர்களும் அகப்படுவார்கள்!).

நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுகிறவர்கள் சர்க்கரைக்கு எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கலாம். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, கடந்த 2-3 மாதச் சராசரி தெரிந்துவிடும். டீயைக் குறைக்க மட்டும் யாராவது வழி சொல்லுங்கள். கடைக்கு வருகிற ஒவ்வொரு விவசாயியோடும் ஒரு கிளாஸ் குடித்தாக வேண்டியிருக்கிறது.