வில்லங்கச் சான்றிதழ் எதைச் சொல்லாது?

"30 வருட வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தால் பழைய வீட்டைத் தயங்காமல் வாங்கலாம்" என்று இங்கே ஒருவர் எழுதியிருப்பது பாதி உண்மைதான். அந்தச் சான்றிதழ் காட்டுவது, நாம் கேட்ட காலத்துக்குள், நாம் கொடுத்த சர்வே எண்ணுக்குப் பதிவான பத்திரங்களை மட்டுமே. மரணம் பத்திரப் பதிவு அல்லவே! அப்பா உயில் எழுதாமல் இறந்து, மகன்கள் மட்டும் கூடி விற்கிறார்கள் என்று வையுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மனைவிக்கும் 1956 முதலே சம பங்கு உண்டு. அவர்கள் கையெழுத்து இல்லாவிட்டால் பின்னால் பாகப்பிரிவினை வழக்கு வரும். சான்றிதழோ அப்போதும் சுத்தமாகவே இருக்கும். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

மூலப்பத்திரத்தை அடகு வைத்து வாங்கிய கடன் பதிவாகாமலும் இருக்கலாம். அசல் பத்திரம் கண்ணில் படாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நகல் போதும் என்று தரகர் சொல்வார், அவருக்கென்ன?

கட்டடத்தைப் பற்றி வில்லங்கச் சான்றிதழில் ஒரு வரியும் இராது. மர உத்தரங்கள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரை வீடானால், அந்த உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கரையான் அரித்திருந்தால் திருப்புளி உள்ளே இறங்கும்.