ஆள் வீட்டில் இல்லையாம், காலிங் பெல் சொல்கிறது

வரச் சொன்னது நீங்கள்தானே ஐயா? நாங்களாகவா வந்தோம்? "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வாங்க, கேட்க நிறைய இருக்கு" என்று மெசேஜ் போட்டது யார்? கூடவே ஒரு கட்டைவிரல் பொம்மை வேறு. அந்தக் கட்டைவிரலை நம்பித்தான், மதப் பிரசாரத்துக்கு வந்திருக்கும் நாங்கள் இரண்டு பேரும் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊரில் ஒரு மேட்டுத் தெருவில், கொட்டுகிற மழையில், வெள்ளைச் சட்டையும் டையுமாக நடந்து வந்தோம். பஸ்ஸுக்குக் கொடுத்த காசு எங்கள் காசு. மாதச் செலவுக்கு வருகிற பணத்தில் அதற்கப்புறம் மிஞ்சுவது முட்டைக்கும் அரிசிக்கும்தான்.

பெல்லை அழுத்தினேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் டிவி வெளிச்சம் மாறி மாறி அடிக்கிறது. வினாடி வினா நிகழ்ச்சி. கேட்பவர் குரல் தெருவரைக்கும் தெளிவாகக் கேட்கிறது. நாய் ஓடிவந்து கதவைப் பிறாண்டுகிறது. யாரோ "உஷ்" என்கிறார்கள். நாய்க்குத்தான் மனிதனை விட நேர்மை, அது இன்னும் பலமாகக் குரைத்தது.

அப்புறம் பெல் பேசியது. கேமரா வைத்த பெல். "ஹலோ, சாரி, நான் வீட்டில் இல்லை. மான்செஸ்டரில் வேலையில் மாட்டிக்கிட்டேன்."

இந்த வாக்கியம் எனக்கு இரண்டு தடவை கேட்டது. முதலில் கதவுக்குப் பின்னாலிருந்து, அரை நொடி கழித்துப் பெல்லிலிருந்து. மான்செஸ்டர் அவ்வளவு பக்கம்! சரி, போய்த் தொலையட்டும் என்று திரும்பியிருப்பேன். அதற்குள் டிவியில் ஆஸ்திரேலியாவின் தலைநகரம் எது என்று கேட்டார்கள். மான்செஸ்டரில் மாட்டிக்கொண்டவர் தன்னை மறந்து "சிட்னி!" என்றார். அதுவும் இரண்டு தடவை கேட்டது. பொய்தான் சொல்கிறீர்கள், பதிலையாவது சரியாகச் சொல்லக் கூடாதா? கான்பெரா ஐயா, கான்பெரா. கதவைத் தட்டி இதைச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று கை துறுதுறுத்தது.

என் பிரசார ஜோடி இருக்கிறாரே, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பிள்ளை, உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவர், வயது பத்தொன்பது. அவர் பெல்லுக்கு நேராகக் குனிந்து, பல் முப்பத்திரண்டும் தெரிய, "பரவாயில்லை சார், வேறு எப்போது வசதிப்படும்?" என்றார். பெல் கொஞ்சம் யோசித்தது. "அடுத்த செவ்வாய், நாலு மணி" என்றது. இவர் அதைப் போனில் குறித்துக்கொண்டார்! நன்றியும் சொன்னார்! பெல்லுக்கு!

தெருமுனை திரும்பியதும் என்னிடம், "எல்டர், அவருக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்குன்னு தோணுது" என்கிறார். பிரசாரத்துக்கு வந்த ஆண்களை எங்கள் சபையில் எல்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மனிதரோடு இருபத்து நாலு மணி நேரமும் இருந்தாக வேண்டும், குளியலறை ஒன்றுதான் விதிவிலக்கு. கோபித்துக்கொண்டு தனியாக நாலடி நடக்கக்கூட எங்களுக்கு அனுமதி இல்லை. அதனால் கோபத்தையும் ஜோடியாகவே நடத்திக்கொண்டு போனேன்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? முந்தின தெருவில் ஒருவர் கதவைத் திறந்தார், எங்கள் சட்டையில் இருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தார், அச்சில் ஏற்ற முடியாத இரண்டு வார்த்தை சொன்னார், படாரென்று சாத்தினார். அவர் கால் தூசி பெறுவாரா இந்தப் பெல்காரர்? நேரம் மிச்சம், பஸ் காசு மிச்சம், எல்லாம் ஐந்து நொடியில் தெளிவு. எங்களைத் திட்டுங்கள், சத்தியமாகக் கோபமே வராது. 2018இல் எங்கள் சபையின் அப்போதைய தலைவர் ரஸல் நெல்சன் 'மார்மன்' என்ற செல்லப்பெயர் வேண்டாம், முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்றார். "பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிலிருந்து வருகிறோம்" என்று முடிப்பதற்குள் பாதிக் கதவு மூடியிருக்கும். அதுகூடப் பழகிவிட்டது. ஆனால் இந்த "அடுத்த வாரம் வாங்க" இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேறு இதையெல்லாம் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பாவம், நல்ல மனசு. "நனைஞ்சிட்டீங்களே, உள்ளே வாங்க, டீ போடறேன்" என்றார். உள்ளே போக முடியாது. தனியாக இருக்கும் பெண்மணி வீட்டுக்குள் நாங்கள் போகக் கூடாது என்பது விதி. எங்கள் சபை விதிப்படி டீயும் குடிக்க முடியாது, காபியும் முடியாது. பிளாக்பர்ன் இருக்கிற இந்த லங்காஷயர் பகுதியில் டீ வேண்டாம் என்பது, நம்மூரில் கல்யாண வீட்டுக்குப் போய் இலையில் உட்காராமல் திரும்புவதற்குச் சமம். பாட்டி முகம் சுருங்கிப்போனது. கடைசியில் வாசலிலேயே நின்று, ஆளுக்கொரு கோப்பை வெந்நீர் வாங்கிக் குடித்தோம். "எதுக்குப்பா இந்தப் பாடு, நல்ல சம்பளம் தர்றாங்களா?" என்று கேட்டார். சம்பளமா! நாங்கள்தான் பாட்டி பணம் கட்டுகிறோம். இதோ இந்த ஐடஹோக்காரர் ஊரில் மாதம் 400 டாலராக இருந்ததை 2020இல் 500 ஆக்கினார்கள். இரண்டு வருஷம் நனைவதற்கு வீட்டிலிருந்து கட்டணம். பாட்டி எங்களைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

இதில் என் தோல் நிறத்தால் வருகிற கூத்து தனி. ஐடஹோக்காரர் கதவைத் தட்டினால் மதப் பிரசாரம் என்று உடனே புரிந்துகொள்கிறார்கள். நான் தட்டினால் "பார்சலை அங்கேயே வைச்சிடுங்க" என்கிறார்கள். ஒரு குஜராத்திப் பெரியவர் மட்டும் "பேட்டா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சோபாவில் உட்காரவைத்து, இந்தியில் குடும்ப விவரம் எல்லாம் கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. தெரியாது என்று அவரிடம் சொல்லவும் தெரியாது. அப்புறம் ஏலக்காய் மணக்கிற டீ வந்தது. அழுதுவிடலாம் போலிருந்தது.

போன வாரம் கூட்டத்துக்குப் பக்கத்து ஊர் ப்ரெஸ்டனுக்குப் போனோம். அங்கே ரிபிள் ஆற்றங்கரையைக் காட்டி, வழக்கம்போல அந்தக் கதையைச் சொன்னார்கள். 1837 ஜூலையில் ஹீபர் கிம்பல் தலைமையில் எங்கள் சபையின் பிரசாரகர் குழு அமெரிக்காவிலிருந்து லிவர்பூலில் வந்து இறங்குகிறது. மாதம் முடிவதற்குள் இந்த ஆற்றில் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம். இங்கிலாந்திலேயே முதல் ஆளாக இறங்க வேண்டும் என்று தண்ணீரை நோக்கி ஓட்டப் பந்தயம் வேறு! ஜார்ஜ் வாட் என்பவர் ஓடி ஜெயித்தார். கேட்ட ஐடஹோக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட "நான் மான்செஸ்டரில் இருக்கேன்" என்று சொல்லவில்லையா? எங்கள் காலத்தில் ஓட்டப் பந்தயம் விளக்கை அணைக்கத்தான் நடக்கிறது.

ராத்திரி கணக்குக் கேட்டு டிஸ்ட்ரிக்ட் லீடர், அதாவது இந்த வட்டாரப் பிரசாரகர்களுக்குப் பொறுப்பானவர், போன் பண்ணுவார். அவருக்கும் பத்தொன்பது வயதுதான், ஆனால் குரலில் அறுபது. "இன்னைக்கு எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தீங்க?" பூஜ்யம். "புதுசா யாராவது?" பூஜ்யம். அதற்குள் ஐடஹோக்காரர் போனைப் பிடுங்கி, "ஆனா அடுத்த செவ்வாய்க்கு ஒரு உறுதியான அப்பாயின்ட்மென்ட் இருக்கு!" என்றார். உறுதியானதாம்! நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். முதலில் அது அழுகையாக வரும் என்றுதான் நினைத்தேன், சிரிப்பாக வந்தது. சிட்னி என்று நினைக்க நினைக்க அடக்க முடியவில்லை. அவரும் காரணமே தெரியாமல் கூடச் சிரித்தார்.

சரி, இதெல்லாம்கூடப் போகட்டும். இந்த நாட்டில் ஒரு வாஷ்பேசினுக்கு எதற்கு இரண்டு குழாய்? இடது குழாயில் கை வெந்துபோகிறது, வலது குழாயில் விரைத்துப்போகிறது. ரயிலையும் நீராவி எஞ்சினையும் உலகத்துக்குக் கொடுத்தவர்களுக்கு இரண்டையும் ஒரே வாயில் சேர்க்க இவ்வளவு காலம் போதவில்லையா? கேட்டால், அடைப்பானைப் போட்டு இரண்டையும் நிரப்பிக் கலந்துகொள் என்கிறார்கள். எங்கள் வாடகை வீட்டில் அந்த அடைப்பான் இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று. அடுத்த வாரம் வருகிறாராம்.