எமி ஷெரால்ட் ஏன் தோலைச் சாம்பலில் வரைகிறார்?

2018 பிப்ரவரியில் வாஷிங்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில், அமெரிக்கக் கறுப்பின ஓவியர் எமி ஷெரால்ட் வரைந்த மிஷெல் ஒபாமாவின் படத்தைத் திறந்து வைத்தார்கள். ஃபோனில் பார்த்துவிட்டு நானும் முகம் சுளித்தேன். "ஜாடையே வரலையே, கறுப்பினப் பெண்ணை எதுக்குச் சாம்பல்ல வரையணும்?" என்று அன்று பலர் கேட்டார்கள். நானும் கேட்டேன். அதே நாளில் திறந்த இன்னொரு படம், கெஹிண்டே வைலி வரைந்த பராக் ஒபாமா. பின்னால் சுவர் நிறைய இலைகள், இடையிடையே சிகாகோவின் சாமந்தி, ஹவாயின் மல்லிகை, கென்யாவை நினைவூட்டும் நீல லில்லி. பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போகும். அதன் பக்கத்தில் எமி ஷெரால்டின் படம் எடுபடவில்லை என்றே முடிவுகட்டினேன். என் பார்வைதான் தவறு என்று புரிய இரண்டு வருஷம் ஆனது.

ஷெரால்ட் யாருடைய தோலையும் பழுப்பில் வரைவதில்லை. கறுப்போடு நேப்பிள்ஸ் மஞ்சள் என்ற வெளிர் மஞ்சள் சாயம் கலந்து எடுக்கும் சாம்பல்தான் எல்லோருக்கும். உடையும் பின்னணியும் மட்டும் பளிச்சென்று இருக்கும். இதன் வேர் பழைய கறுப்பு வெள்ளை ஃபோட்டோக்களில் இருக்கிறது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்களின் 300-க்கும் மேற்பட்ட படங்களை ஆல்பங்களாகத் தொகுத்தார். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து 35 ஆண்டுதான் ஆகியிருந்தது. ஐரோப்பிய ஓவியங்களில் எஜமானருக்குப் பின்னால் தட்டேந்தி மூலையில் நிற்க வைக்கப்பட்டவர்கள், இந்தப் படங்களில் நல்ல உடுப்பு உடுத்தி, நிமிர்ந்து, கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். ஷெரால்ட் பிறந்ததும் அதே ஜார்ஜியாவில்தான்.

இன்னொரு கறுப்பின ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் போனது வேறு வழி. 1980 முதல் அவர் ஆட்களை மை போன்ற கறுப்பிலேயே வரைகிறார், துளிகூட நீர்க்காமல். ஒருவர் சாம்பல், ஒருவர் முழுக் கறுப்பு. ஆனாலும் இவர் எவ்வளவு கறுப்பு, அவர் கொஞ்சம் மாநிறமா என்று தோலை அளக்கும் பார்வைக்கு இரண்டு பேரிடமும் இடமில்லை.

என்னை மாற்றிய படம் பிரியோனா டெய்லருடையது. கென்டக்கி மாநிலம் லூயிவில்லில், 2020 மார்ச் 13 அன்று நள்ளிரவு தாண்டி, போலீஸ் கதவை உடைத்து உள்ளே வந்து சுட்டதில் தன் வீட்டிலேயே செத்துப்போன பெண். வயது 26. அவசர மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவர். ஷெரால்ட் வழக்கமாகத் தெருவிலோ கடையிலோ கண்ணில் பட்டவரைக் கூப்பிட்டு, உடை தேர்ந்தெடுத்து, ஃபோட்டோ எடுத்து அதை வைத்து வரைவார். இந்த முறை கூப்பிட ஆள் இல்லை. பிரியோனாவின் உடல்வாகு கொண்ட இன்னொரு பெண்ணை நிற்க வைத்தார். உடையைப் புதிதாகத் தைக்கச் சொன்னார். பச்சை கலந்த நீல கவுன், அதே நீலத்தில் பின்னணி, இடுப்பில் ஒரு கை, கழுத்தில் சிலுவை. விரலில் ஒரு மோதிரம். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவர், சம்மதம் கேட்கும்போது போட நினைத்திருந்த மோதிரம். அது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது. ஷெரால்ட் அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு அதைப் படத்தில் போட்டுவிட்டார்.

கறுப்பின மக்களை அழகாக மட்டும் வரைகிறார்களே, வலியைக் காட்ட வேண்டாமா என்று கேட்பவர்கள் அந்த மோதிரத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். ரத்தத்தை நாம் செய்திகளில் பார்த்துவிட்டோம். அவளுக்கு வராமல் போன ஒரு நல்ல நாளை எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது, அதற்கு ஓவியம்தான் வேண்டும். அந்தச் சாம்பல் தோலும் அங்கேதான் எனக்குப் புரிந்தது: இப்போது இல்லாத ஒருவரின் நிறம். அந்தப் படம் விற்ற பணத்தில் லூயிவில் பல்கலைக்கழகத்தில் பிரியோனா பெயரால் கல்வி உதவித்தொகை தொடங்கினார் ஷெரால்ட். இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

2025 ஜூலையில், வாஷிங்டனின் அதே கேலரியில் நடக்கவிருந்த தன் பெரிய கண்காட்சியை அவரே விலக்கிக்கொண்டார். சுதந்திர தேவியின் தோரணையில் கறுப்பினத் திருநர் ஒருவரை அவர் வரைந்த படத்தை எடுத்துவிடலாமா என்று உள்ளே பேச்சு நடந்ததாக அறிந்ததும் எடுத்த முடிவு அது. ஒரு படத்தை விட்டுக்கொடுத்திருந்தால் மற்ற எல்லாமே நாட்டின் தலைநகரில் தொங்கியிருக்கும். என்னைக் கேட்டால், அவர் செய்ததுதான் சரி. கண்காட்சி பால்டிமோருக்குப் போனது. 38 வயதுவரை அவர் உணவகத்தில் பரிமாறிப் பிழைத்தது அந்த ஊரில்தான். 39 வயதில் அவருக்கு மாற்று இதயம் பொருத்தினார்கள்.