சவுண்ட்பார் வாங்கப் போகிறவர்களுக்கு, சூடுபட்டவன் எழுதுவது

போன தீபாவளிக்கு ஒரு சவுண்ட்பார், அதாவது டிவியோடு சேர்த்து வைக்கும் நீளமான ஸ்பீக்கர், வாங்கினேன். கடையில் போட்டுக் காட்டியது கார்கள் பறந்து வெடிக்கும் டெமோ. சட்டையே அதிர்ந்தது. அந்த மயக்கத்திலேயே கார்டைத் தேய்த்துவிட்டேன்.

முதல் நாள் ராத்திரியே வண்டவாளம் தெரிந்துவிட்டது. படத்தில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் போதும், அம்மா "என்னடா சொன்னான்?" என்பார். சத்தத்தைக் கூட்டுவேன். அடுத்த நிமிடம் சண்டைக் காட்சி வரும், சப்வூஃபர் (கனத்த அடிச்சத்தத்துக்கான தனி ஸ்பீக்கர்) இடிக்கும், கீழ்வீட்டுக்காரர் முகம் ஞாபகம் வரும், குறைப்பேன். ரிமோட்டில் பிளஸ், மைனஸ் குறிகள் இரண்டும் தேய்ந்து போய்விட்டன.

நான் வாங்கியது 2.1. அதாவது இடது, வலது, ஒரு சப்வூஃபர், அவ்வளவுதான். 5.1 ஒலிக்கலவையில் (ஐந்து சேனல், ஒரு சப்வூஃபர்) வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில்தான் இருக்கும். நடு ஸ்பீக்கர் இல்லாத பாரில் அந்த வசனம் இரண்டு பக்கமும் பிரிந்து, பின்னணி இசையோடும் வெடிச்சத்தத்தோடும் முட்டி மோதிக்கொண்டு வரும். 3.1 என்றால் நடுவுக்குத் தனி ஸ்பீக்கர் உண்டு. இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாட் கணக்கை நம்பாதீர்கள். டேப் ரெக்கார்டர் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. என்று ஊதிப்பெருக்கிய வாட் எண்ணைப் போட்டு ஏமாற்றினார்களே, அதன் தம்பிதான் இது. சப்வூஃபரையும் சேர்த்துக் கூட்டிய எண்ணைத்தான் பெட்டியில் பெரிதாக அச்சடிக்கிறார்கள். தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருவதுபோல் காட்டும் அட்மாஸுக்கும் ஒரு வார்த்தை: மேல்நோக்கிய ஸ்பீக்கரின் ஒலி சீலிங்கில் பட்டுத் திரும்பினால்தான் அந்த வித்தை வேலை செய்யும். சரிவான ஓட்டு வீட்டில் அந்தக் காசு வீண். ஆப்டிகல் கேபிளில் அட்மாஸ் வராது, டிவியின் ஒலியைப் பாருக்கு அனுப்பும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. இணைப்பு வேண்டும்.

போன மாதம் அக்கா வீட்டுக்கு வாங்க அத்தானோடு போனேன். டெமோவை நிறுத்தச் சொல்லிவிட்டுச் செய்தி வாசிப்பைப் போடச் சொன்னேன், அதுவும் சத்தத்தைக் குறைத்து. விற்பனைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்புறம் மிருதங்கத் தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கை அழுத்தி எடுக்கும் கும்கி என்ற அடியில் நாதம் வளைந்து ஏறும் இல்லையா? முதல் பாரில் அந்த வளைவே இல்லை, எல்லா அடியும் ஒரே 'தும்... தும்'. சுவரில் தலையணையைக் குத்துகிற மாதிரி. இரண்டாவதில் அடி விழுந்தது, வளைந்தது, சட்டென்று நின்றது. வாட் எண் முதலாவதைவிடக் குறைவு. சப்வூஃபரும் சின்னதுதான். அதையே எடுத்தோம்.

என் வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. சப்வூஃபரை மூலையிலிருந்து இரண்டடி இழுத்து வைத்தேன், உறுமல் குறைந்தது. எதிர்ச் சுவருக்குக் கனமான திரை போட்டதில் வெறும் டைல்ஸ் அறையின் எதிரொலியும் அடங்கியது. வசனம் மட்டும் இன்னும் அப்படியேதான்.

அம்மா சனி, ஞாயிறு படம் பார்க்க அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறார்.