ரேம் முழுவதையும் ரெடிஸுக்குக் கொடுக்கலாமா?
64 பிட் இயங்குதளத்தில் முகவரி வெளிக்கு, அதாவது ஒரு நிரல் கையாளக்கூடிய நினைவக அளவுக்கு, தட்டுப்பாடு இல்லை என்பதால் சர்வரின் ரேம் அளவையே ரேமிலேயே தரவை வைத்திருக்கும் தரவுத்தளமான ரெடிஸின் மேக்ஸ்மெமரியாக (அது பயன்படுத்தக்கூடிய நினைவகத்தின் உச்சவரம்பாக) வைத்துவிடலாம் என ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. வரம்பு எதுவும் குறிப்பிடாவிட்டால் 32 பிட்டில் ரெடிஸ் தானாகவே 3 ஜிபியோடு நின்றுகொள்ளும். 64 பிட்டில் இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே கிடையாது, ஆகவே அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பு முழுவதும் நம்மையே சேர்கிறது. ஸ்னாப்ஷாட் எடுக்க, அதாவது தரவின் அந்நேர நகலை வட்டில் சேமிக்க, ரெடிஸ் ஃபோர்க் செய்யும்போது (தன்னைப் போன்றே இன்னொரு செயல்முறையை உருவாக்கும்போது) லினக்ஸ் நினைவகத்தை உடனே நகலெடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் சேமிப்பு முடிவதற்குள் மாற்றப்படும் ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் தனி நகல் உருவாகிக்கொண்டே போகும் என்பதால், எழுதும் பளு மிகுந்த இடங்களில் தேவை ஏறக்குறைய இருமடங்கை எட்டக்கூடும். நான் பராமரிக்கும் 8 ஜிபி சர்வர் ஒன்றில் தரவு 5 ஜிபியைத் தாண்டியதும், நினைவகம் ஒதுக்க இயலவில்லை என்று லாக் கோப்பில் பதிவாகி ஃபோர்க் தோல்வியுற்றது. அதன்பின் ரெடிஸ் தன் இயல்பு அமைப்பின்படி எழுதும் கட்டளைகள் அனைத்தையும் மறுக்க, வாசிப்பு மட்டுமே நடந்தது. இருப்பதைவிடக் கூடுதலான நினைவகத்தை ஒதுக்க லினக்ஸை அனுமதிக்கும் ஓவர்கமிட் மதிப்பை 1 ஆக்குமாறு ரெடிஸின் ஆவணமே பரிந்துரைக்கிறது. அது ஃபோர்க்கை அனுமதிக்குமே தவிர ரேமைக் கூட்டித் தராது. அதனால் மேக்ஸ்மெமரியை 4 ஜிபியாகக் குறைத்தோம். விண்டோஸிலும் இதே கணக்கு பொருந்துமா எனக் கேட்டிருக்கும் ஒரு வாசகருக்கு: விண்டோஸ் ஓவர்கமிட்டை அனுமதிப்பதில்லை, ரேமும் பேஜ்ஃபைலும் (ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கப்படும் கோப்பு) சேர்ந்த அளவே அங்கு உச்சவரம்பு, எனவே பேஜ்ஃபைலின் அளவையும் சேர்த்தே அங்கு திட்டமிட வேண்டும்.