கட்டடம் கட்டினால் போதுமா?

மருந்து, தடுப்பூசி நிறுவனங்கள் ஒரே இடத்தில் இயங்கும் ஐதராபாத் ஜீனோம் வேலி மாதிரி தமிழ்நாட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று, நான் படித்த ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் சொல்வது சரிதான். ஆனால் நிலமும் வரிச்சலுகையும் கொடுத்தால் மருந்தும் வேலையும் தானாக வந்துவிடும் என்று அவர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அங்கே பாரத் பயோடெக் தயாரிக்கும் ரோட்டாவாக் சொட்டு மருந்தையே பாருங்கள்; குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் தடுப்பு மருந்து அது. அதைத் தயாரிக்கப் பயன்படும் வைரஸ் 1980களில் டெல்லி எய்ம்ஸில், வயிற்றுப்போக்கே இல்லாத பச்சிளங் குழந்தைகளிடம் கிடைத்தது. பிறகு டெல்லி, புனே, நம்ம வேலூர் என மூன்று ஊர்களில் 6,799 குழந்தைகளிடம் இறுதிக்கட்டச் சோதனை. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது 2016-ல்தான். கிட்டத்தட்ட முப்பது வருஷம்! மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் கேட்ஸ் அறக்கட்டளையும் பணம் போட்டதால்தான் அந்த முயற்சி தாக்குப்பிடித்தது. சென்னை தரமணியில் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான டைசல் பயோ பார்க் இருக்கிறது, வேலூரில் இப்படிச் சோதனை நடத்தத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அத்தனை வருஷம் பொறுத்துப் பணம் போடுவது யார்? கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.